பதினாலாம் தாங்கி

எனக்கு நாரி வலி. இடுப்புக்குப் பின்னால், பல வருடமாக இருக்கிறது. இந்தக் கதிரையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியாது, இடையிடையே எழுந்து நிற்பேன். அதை வேறு மாதிரி எடுக்க வேண்டாம் என்று எதிரில் இருக்கும் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிள்ளை. ஓடுகிற எண்ணம் எனக்கு இல்லை. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி நானாகவே வந்தவன்.

வாயால் சொல்லச் சொன்னார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் என் கையெழுத்து நல்லது. வேலைத்தலத்தில் அட்டை எழுதுகிற பொறுப்பு எனக்குக் கிடைத்ததே அதனால்தான். இதை நீங்கள் இங்கிலீசுக்கு மாற்றும்போது ஒன்றையும் அழகுபடுத்த வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம்.

நுஸ்லா என்று உங்கள் பெயரைச் சொன்னீர்கள். வந்து இருந்தவுடன் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், ஊரிலை எவ்விடம்?" என்பது. அதிகாரியின் பாரத்தைப் பார்த்தேன். பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லை. நான் பாரத்திலிருந்து நிமிர்ந்ததும் "சும்மா கேட்டனான் அங்கிள்" என்றீர்கள். நம்புகிறேன். உங்கள் முஸ்லிம் ஆட்களை ஒரே நாளில் ஊரைவிட்டு அனுப்பினார்கள். உங்களுக்கு ஊர்ப் பெயர் காதில் விழுந்தாலே போதும் என்று இருக்கும். எங்கள் ஆட்கள் சும்மா கேட்பதில்லை. முதலில் ஊர். பிறகு ஊரில் எந்தப் பக்கம். பிறகு எந்தக் கோயிலடி. நாலாவதாக, அங்கே ஆரைத் தெரியும். அந்த நாலாவது கேள்விக்குப் பதில் வந்ததும் ஆளை எங்கே இருத்துவது என்று முடிவாகிவிடும். தேத்தண்ணீர் வருவதும் வராததும் அதற்குப் பிறகு.

நான் வேலை செய்த இடம் மார்க்கம் எல்லையில், ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே. நயாகராப் பக்கத்திலிருந்து பவுசர் லொறியில் வரும் வைனைத் தாங்கிகளில் வைத்திருந்து, போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டி அனுப்புகிற இடம். இருபத்திரண்டு உருக்குத் தாங்கிகள். ஒவ்வொன்றும் மூன்று ஆள் உயரம். மேலே இரும்புப் பலகை நடைபாதை. அதில் நின்று மூடியைத் திறந்து, ஏணியை உள்ளே விட்டு இறங்கிக் கழுவ வேண்டும்.

இந்த நாட்டில் வைனுக்கும் ஊர் உண்டு. ஒன்ராறியோவில் மூன்று இடங்களுக்குத்தான் அந்த மரியாதை: நயாகரா தீபகற்பம், ஈரி ஏரியின் வடகரை, பீலித் தீவு. சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது, மூன்று இடமும் மூன்று நிறத்தில். லேபலில் இடத்தின் பெயரைப் போட வேண்டுமென்றால் போத்தலுக்குள் இருப்பதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அந்த இடத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். மிச்சப் பதினைந்தும் ஒன்ராறியோவுக்கு வெளியே இருந்து வரக்கூடாது. அதற்குப் பிறகும், ருசி பார்க்கிறவர்கள் இருந்து, ஆருடைய வைன் என்று தெரியாமல் குடித்துப் பார்த்து, சரி என்றால்தான் வி.கியூ.ஏ என்ற மூன்று எழுத்து போத்தலில் ஏறும். சரியில்லை என்றால் அதே வைன் இடத்தின் பெயர் இல்லாமல், சிலியிலிருந்து வந்ததோடு கலந்து, மலிவுப் பெட்டிகளில் போகும்.

அந்த நேரம் இது சட்டம்கூட இல்லை. வைன்காரர்கள் தங்களுக்குள் கூடி வைத்துக்கொண்ட விதி. சட்டத்தில் இல்லாத விதியைத்தான் ஆட்கள் கூடக் கவனமாகக் காப்பாற்றுவார்கள். அதை நான் கனடாவுக்கு வந்து படிக்கவில்லை.

ஒவ்வொரு தாங்கியின் மூடியடியிலும் ஒரு பிளாஸ்ரிக் உறை தொங்கும். அதற்குள் இரண்டு அட்டை. ஒன்றில் வைனின் இடம், இனம், வருடம், எத்தனை லீற்றர். மற்றது சிவப்பு அல்லது பச்சை. வைனைத் தாங்கியிலிருந்து எடுக்கும்போது, காற்றுப் பட்டுப் பழுதாகாமல் இருக்கப் பின்னால் நைதரசன் வாயுவை விடுவார்கள். வைன் முடிந்த பிறகு தாங்கி நிறைய அந்த வாயுதான் நிற்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, இருமலும் வராது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடும். ஆகையால் சிவப்பு அட்டை. மூடியைத் திறந்து, விசிறி வைத்து அரை நாள் ஓடவிட்ட பிறகு பச்சை அட்டை. பச்சை என்றால் இறங்கலாம். அட்டை போடுவது என் வேலை. வாயு பார்க்கும் மீற்றர் ஒன்றும் இருந்தது. பற்றறி இல்லாமல் சுப்பவைசரின் அலுமாரியில் கிடந்தது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எந்தத் தாங்கியைக் காட்டிக் கேட்டாலும், இது இந்தத் தோட்டம், இந்தத் துண்டு நிலம், இந்தப் பவுசர் என்று சொல்லக்கூடியதாக இருந்தது. ஏரிக்கரை மண் என்று சொன்னால் அந்த வைனை ஒருவரும் வாசலில் நிறுத்துவதில்லை.

என் ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்களும் ஆரையாவது விசாரிப்பீர்கள். எங்களுடையது கிணறு வெட்டுகிற குடும்பம். சுண்ணாம்புக் கல்லை அலவாங்கால் உடைத்து உடைத்துக் கீழே போக வேண்டும். பன்னிரண்டு வயதில் கல் அள்ளும் கடகத்தோடு நானும் இறங்கினேன். தண்ணீர் கண்ட அன்று வீட்டுக்காரர் கற்பூரம் கொளுத்துவார். அடுத்த நாளிலிருந்து அந்தக் கிணற்றில் நாங்கள் அள்ளக்கூடாது. அவர்களில் ஒருவர் அள்ளி ஊற்ற, கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். இதைச் சொல்லி அழுவதற்கு நான் வரவில்லை. அந்த வேலையில் படித்த ஒரு விஷயத்துக்காகச் சொல்கிறேன். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கும் முன் விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். விளக்கு நூர்ந்து அணைந்தால் உள்ளே மூச்சுக்குக் காற்றில்லை, ஆள் இறங்கக்கூடாது. என் சின்னையா ஒரு நாள் பார்க்காமல் இறங்கினார். கூப்பிடுவதற்குக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

தில்லையம்பலத்தாரை எனக்குத் தொண்ணூற்றோராம் ஆண்டு மாசிக் குளிரிலிருந்து தெரியும். நானும் என் மகள் துர்க்காவும் வந்து ஒரு மாதம். துர்க்காவின் தாய் ஊரிலேயே இறந்துவிட்டாள். ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே அவர் இருந்தார். என் சப்பாத்தைப் பார்த்துவிட்டுப் போய்த் தன்னுடைய பழைய பனிச்சப்பாத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு வேலைக்குச் சேர்த்துவிட்டார். தினமும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய மனைவி தவமணி அக்கா இரண்டு சாப்பாட்டுப் பெட்டி கட்டுவா, ஒன்று எனக்கு. தில்லையம்பலத்தார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் தோட்டம், வளவு, கோயில் உபயம் என்று இருந்த மனிதர். அப்படிப்பட்டவர்கள் எங்களை நீ என்பார்கள், அல்லது பேரே சொல்லமாட்டார்கள். இவர் முதல் நாளிலிருந்து என்னை நீர் என்றார். எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான்தான் வேறு ஊர்ப் பெயர் சொல்லியிருந்தேனே. ஐந்து வருடம் கிணறு வெட்டப் போன ஊர் ஒன்று, நல்ல ஊர். அதன் கோயில் வீதியைச் சொல்லியிருந்தேன். பிள்ளைக்கும் அதையே பழக்கியிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், தாங்கிக்குள் இறங்கும் முன் மெழுகுதிரி ஒன்றைத் தகரப் பேணிக்குள் நட்டுக் கயிற்றில் இறக்கினேன். பச்சை அட்டை இருந்தாலும் என் கை அதைச் செய்யாமல் விடாது. சுப்பவைசர் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்வேன். தில்லையம்பலத்தார் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்ன அன்பு, தாங்கிக்குத் திருவிழாவோ?"

"சும்மா அண்ணை. உள்ளுக்குக் காத்து இருக்கோ எண்டு பாக்கிறன்."

"உது எங்கை பழகினனீர்?"

நான் கயிற்றைச் சுற்றத் தொடங்கினேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த வேலை செய்கிறவர்களுக்கு உண்டு என்பது ஊரில் தோட்டம் வைத்திருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. பின்னேரம் காரில் வரும்போது, பின்ச் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபடி சொன்னார்: "எங்கடை வளவுக் கிணறும் உங்கடை ஆக்கள் வெட்டினதுதான். நல்ல தண்ணி." நான் ஓம் என்றேன். "பயப்பிடாதையும். என்ரை வாயாலை ஒருத்தருக்கும் போகாது."

பச்சை விளக்கு வந்தது. கொஞ்சத் தூரம் போனதும் தானே சிரிக்கத் தொடங்கினார். "அஞ்சு வருசம் அந்த ஊரிலை தண்ணி குடிச்சிருக்கிறீர். எண்பத்தைஞ்சு வீதம் வந்திருக்கும். மிச்சம் பதினைஞ்சை ஆர் வந்து குடிச்சுப் பாக்கப் போகினம்?"

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அதற்குப் பிறகும் அவர் என்னை நீர் என்றுதான் சொன்னார்.

அன்றிலிருந்து என் மெழுகுதிரி இல்லாமல் அவர் எந்தத் தாங்கிக்குள்ளும் இறங்கியதில்லை. அட்டையைப் பார்க்கமாட்டார். ஏணியில் கால் வைத்துக்கொண்டு, "அன்பு, உம்மடை விளக்கு என்ன சொல்லுது?" என்பார். "எரியுது அண்ணை" என்பேன். இறங்குவார். ஆறு வருடம் இப்படி.

கழுவுவதற்கு முறை உண்டு. இன்று நீ, நாளை அவன் என்று தூணில் சோக்கால் எழுதியிருக்கும். எனக்கு நாரி பிடித்த நாட்களில் என் முறையை அவர் எடுப்பார். அவர் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் அவர் முறையை நான் எடுப்பேன். ஒருவருக்கு ஒருவர் மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொண்டோம்.

துர்க்காவுக்கு இருபத்து மூன்று வயது. மருந்துக்கடையில் வேலை. துஷாந்த் என்ற பொடியனோடு கொலீச்சில் பழக்கம். நல்ல பொடியன், மார்க்கத்தில் கொம்பியூட்டர் வேலை, தாயோடு இருக்கிறான். தாயின் பெயர் பேபி. தில்லையம்பலத்தாரும் பேபியும் ஒரே ஊர். வைகாசியில் பேபி எங்கள் வீட்டுக்கு வந்தா. அந்த நாலு கேள்வியும் கேட்டா. நாலுக்கும் கோயில் வீதிப் பதிலைச் சொன்னேன். போகும்போது என்னைச் சம்பந்தி என்றா. "எங்கடை பக்கம் ஒருக்கா விசாரிக்கிறது வழமை. குறை நினையாதேங்கோ சம்பந்தி."

விசாரிப்பது என்றால் என்ன என்பது அதிகாரிக்கு விளங்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொலைபேசியில் ஊராட்களைப் பிடித்து, இன்னாரைத் தெரியுமோ, இன்னாருக்கு இன்னார் என்ன முறை என்று ஒவ்வொரு நூலாக இழுப்பார்கள். எங்கள் வேலைத்தலத்திலும் அதுதான்: போத்தலிலிருந்து தாங்கி, தாங்கியிலிருந்து பவுசர், பவுசரிலிருந்து தோட்டம். வித்தியாசம், அங்கே அட்டை எழுதுகிறவன் நான்.

ஆனியில் ஜாதகம் பார்த்தார்கள். எட்டுப் பொருத்தம் என்று பேபியே சொன்னா. தை மாதம் என்று முடிவு. மண்டபமும் பேசியாயிற்று. ஆடி, ஆவணி இரண்டும் நான் நன்றாக நித்திரை கொண்ட மாதங்கள். புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை பேபியின் தொலைபேசி வந்தது.

"அன்புராசா, ஜாதகம் திருப்பிப் பாத்தது. சரிவரேல்லையாம்."

பெயரைச் சொன்னதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும் கேட்டேன். "ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னாலென்ன. தில்லையம்பலம் அண்ணையும் வந்திருந்து எல்லாம் கதைச்சவர்." வைத்துவிட்டா.

இந்த நாட்டில் உண்மை தெரிந்தவர் ஒரே ஒருவர். பிள்ளைக்குத் தெரியும்தான்; ஆனால் பிள்ளையை ஆர் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று பதினேழு வயதிலேயே பழக்கிவிட்டேன். துர்க்கா அன்று அழவில்லை. உடுப்புகளை அடுக்கிக்கொண்டு மோர்னிங்சைட்டில் ஒரு சிநேகிதியின் அறைக்குப் போனாள். கதவடியில் நின்று, "எனக்குப் பொய் சொல்லிக் களைச்சுப்போச்சு அப்பா" என்றாள். அதை அவள் துக்கத்தில் சொன்ன கதை என்று எடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. தினமும் தில்லையம்பலத்தாரின் காரில் போனேன், வந்தேன். தவமணி அக்கா கட்டித் தந்த புட்டைச் சாப்பிட்டேன், பெட்டியைக் கழுவிக் கொடுத்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவர் சில நாள் காரில் தொண்டையைச் செருமுவார், ஏதோ சொல்ல வருவார், வானொலியைத் திருப்புவார். எனக்குள் எழுந்தது கோபம் என்று எழுத வேண்டாம். கோபம் என்றால் அடித்திருப்பேன். நான் நம்பி ஒரு விஷயத்தைக் கையில் கொடுத்த மனிதர், அதைத் தன் ஊராள் ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டார். கடைசியில் தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டார். ஆறு வருடம் சொன்ன நீருக்கு என்ன பெறுமதி என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழு ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை. புது வைன் வருகிற காலம், தாங்கிகளை அவசரமாக வெறுமையாக்கிக் கொண்டிருந்தார்கள். பதினாலாம் தாங்கியில் நயாகரா ரீஸ்லிங், தொண்ணூற்றாறு. அன்று காலை ஏழரைக்குத்தான் எடுத்து முடிந்தது. பதினைந்தாம் தாங்கி முதல் நாளே முடிந்து, விசிறி வைத்துக் காற்றுவிட்டு, கழுவுவதற்குத் தயாராக இருந்தது. பதினாலில் சிவப்பு, பதினைந்தில் பச்சை. ஒன்பது மணி தேத்தண்ணீருக்கு எல்லோரும் கீழே போன நேரம் இரண்டையும் மாற்றினேன். விசிறியையும் தள்ளிப் பதினாலின் பக்கத்தில், இப்போதுதான் வேலையை முடித்தது போல நிறுத்திவைத்தேன். இரண்டு அட்டை, ஒரு விசிறி. இரண்டு நிமிட வேலை.

தூணில் அன்றைய முறை என்னுடையது. இதைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும், பிள்ளை. நாரி வலிக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. உண்மையாகவே வலித்தது. ஏணியடியில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"விடும், நான் இறங்கிறன்," என்றார். "உம்மடை நாரிக்கு உது சரிவராது."

"இல்லை அண்ணை, என்ரை முறை."

"நாளைக்கு என்ரையை எடும்." சப்பாத்தின் வாரை இறுக்கினார். ஏணியில் ஒரு கால் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இறங்கி வந்து உமக்கு ஒரு கதை சொல்லவேணும். கன நாளாச் சொல்லோணும் எண்டு நினைக்கிறது. கோவிக்கப்படாது."

என்ன கதை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார். அது எனக்குத் தேவைப்படவில்லை.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். இறங்கினார்.

கழுவுகிற தும்புத்தடி விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கனமான ஒரு சத்தம். சுவர் மணிக்கூட்டில் ஒன்பது நாற்பது. ஒருவர் உள்ளே இறங்கினால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும், வெளியே நிற்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக்கூடாது என்பது விதி. நான் இறங்கவில்லை. அட்டைகளைப் பழையபடி மாற்றினேன். சிவப்பு பதினாலில், பச்சை பதினைந்தில். விசிறியை அதன் இடத்துக்குத் தள்ளினேன். மூடியடியில் வந்து நின்றேன். ஒன்பது ஐம்பத்தொன்றுக்குக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தவர்கள் நல்லவர்கள். எனக்கு ஒரு போர்வை போர்த்தினார்கள். நான் மற்றப் பக்கத்தில் குழாய் இழுத்துக்கொண்டு நின்றதாகச் சொன்னேன். அவர் என் முறையை எடுத்ததையும் சொன்னேன், அன்றைய முறை என்னுடையது என்று தூணில் எழுதியிருந்தது. பிறகு விசாரணை முடிந்து கடிதம் வந்தது. விபத்து. இறந்தவர் சிவப்பு அட்டையைக் கவனிக்காமல் இறங்கியிருக்கிறார், சொந்தக் கவனயீனம். தவமணி அக்காவுக்கு அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். "அவர் அப்பிடிக் கவனமில்லாத ஆள் இல்லையே" என்று ஒரு தரம் சொன்னா. பிறகு எனக்குத் தேத்தண்ணீர் போட எழும்பினா.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பேபியும் துஷாந்தும் வந்தார்கள். பேபி என்னைக் காணாத மாதிரி உள்ளே போனா. பொடியன் என்னை வெளியே படிக்கட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அங்கிள், ஐ ஆம் சோ சொறி. தில்லையம்பலம் அங்கிள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்தானே?"

"என்னத்தை?"

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "துர்க்கா எனக்கு மேயிலேயே எல்லாம் சொன்னவள். எனக்கு அது ஒண்டுமில்லை அங்கிள், சீரியஸ்லி. அம்மாவுக்கும் உண்மையைச் சொல்லாமல் கட்டமாட்டன் எண்டு செப்டெம்பரிலை அவளே வந்து அம்மாவுக்குச் சொன்னவள். அம்மா குழம்பிட்டா. அடுத்த நாள் தில்லையம்பலம் அங்கிள் வந்து அம்மாவோடை சரியான சண்டை. இனி வீட்டுப்பக்கம் வராதேங்கோ எண்டு அம்மா சொல்லுமட்டும் கத்தினவர். அன்புராசா மாதிரி ஒரு மனுசன் உனக்குச் சம்பந்தியா வர நீ குடுத்து வைக்கோணும் எண்டு."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஜனவரியிலை நாங்கள் கலியாணம் எழுதப்போறம் அங்கிள். அவர்தான் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன் எண்டவர். அப்பாவுக்கு நான் பக்குவமாச் சொல்லுறன், நீ சொன்னால் மனுசன் உடைஞ்சுபோவான் எண்டு துர்க்காவுக்குச் சொன்னவராம்."

அவர்கள் எழுதினார்கள். நானும் போயிருந்தேன். சாட்சி இல்லாதபடியால் துஷாந்தின் வேலையிடத்து ஆள் ஒருவர் கையெழுத்து வைத்தார். துர்க்கா எனக்கு முத்தம் தந்தாள். இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் தன் தகப்பன் கிணறு வெட்டினவர் என்று சொல்கிறாளாம். ஒருவரும் அவளைக் கடித்துத் தின்னவில்லை.

நான் இதைப் பல நாள் யோசித்தேன். அவரில் பிழை இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். என்னைக் கேட்டால் உண்டு. மூன்று கிழமை ஒரே காரில், ஒரு கையெட்டும் தூரத்தில் இருந்தோம். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். என் மகளின் உண்மையை என்னைத் தவிர எல்லோரோடும் பேசிவிட்டு என்னிடம் வானொலியைத் திருப்பினார். நான் உடைந்துபோவேன் என்று தீர்மானித்தது ஆர்? அதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? இதில் அதிகாரி என்னோடு உடன்பட வேண்டும் என்பதில்லை. எழுதிவையுங்கள்.

பிறகு ஏன் வந்தாய் என்று கேட்பார். விபத்து, சொந்தக் கவனயீனம் என்று எழுதியிருக்கிறார்கள். அது பிழையான லேபல். ஏழு வருடம் அட்டை எழுதினவனுக்கு அது பொறுக்காது. அந்த மனிதர் ஒரு நாளும் கவனமில்லாமல் இறங்கினவர் இல்லை.

அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், இதுதான். மேலே நான் ஒன்றை வழக்கமான பதில் என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனேன். அட்டையை மாற்றியதால் அவர் செத்தார் என்று நீங்கள் இதுவரை நினைத்திருப்பீர்கள். அவர் அட்டையைப் பார்க்கிற ஆள் இல்லை. அது மற்றவர்கள் ஆரும் இடையில் வந்து பார்த்தால் என்பதற்காக. அன்று நான் மெழுகுதிரியைக் கொளுத்தி, பேணியில் நட்டு, கயிற்றில் இறக்கினேன். மூடியிலிருந்து ஒரு முழம்கூடப் போகவில்லை, நூர்ந்துவிட்டது. நூர்ந்த திரியைத் தொடர்ந்து அடிவரை இறக்கினேன், என் தோள் மூடியின் வாயை மறைத்தது, அவர் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். என் சின்னையாவின் முகம் ஞாபகம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

"அன்பு, உம்மடை விளக்கு என்ன சொல்லுது?"

"எரியுது அண்ணை," என்றேன்.

அதிகாரி கையெழுத்துக்கு எங்கேயோ இடம் காட்டுகிறார். வைக்கிறேன். வலி கூடிவிட்டது, எழுந்து நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்திய முறைகள் எல்லாம் அவருக்கு நான் திருப்பிச் செய்து கொடுத்துவிட்டேன், அந்த நாட்களில் தூணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை முறை என்னுடையது. தில்லையம்பலத்தாருக்கு நான் ஒரு தாங்கி கழுவக் கடன்.